தலைக்கு எவ்வளவு இடம்?

பாத்திரம் துலக்கும் திரவத்தையும் ஷாம்பூவையும் சிறு அளவில் தயாரித்து விற்பவர்கள் அனைவருக்கும் தெரிந்த ஒரு செய்தி உண்டு. தண்ணீராக ஓடிக்கொண்டிருக்கும் கரைசலில் சமையல் உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்க்கச் சேர்க்க அது கெட்டிப்படுகிறது. ஒரு கட்டத்தில் வாளியைச் சாய்த்தாலும் சட்டென்று வழியாத அளவுக்குத் திரள்கிறது. அதையும் தாண்டி உப்பைச் சேர்த்தால் மறுபடியும் இளகி நீர்த்துவிடுகிறது. வெறும் தண்ணீரில் அதே அளவு உப்பைக் கரைத்தால் இப்படி எதுவும் நிகழ்வதில்லை. கரைசலில் உள்ள சோப்புப் பொருளின் அளவும் கூடவில்லை. அப்படியானால் அந்தக் கெட்டித்தன்மை எங்கிருந்து வந்தது?

மகளிர் சுயஉதவிக் குழுவினருக்கான பயிற்சி ஒன்றைப் பார்க்கச் சென்றிருந்தபோது, ஆசிட் சிலரி, எஸ்.எல்.இ.எஸ். பேஸ்ட், பீட்டைன் ஆகிய சோப்புப் பொருள்களையும் உப்பையும் மேசைமேல் வரிசையாக வைத்திருந்த பயிற்றுநரிடம் ஒரு பெண் இதைத்தான் கேட்டார். பயிற்றுநர் எவ்வளவு உப்பு போட வேண்டும் என்பதைத் துல்லியமாகச் சொன்னார். ஏன் என்று சொல்ல அங்கே நேரம் இருக்கவில்லை. வேதியியல் கற்பிக்கும் தொழிலில் இருப்பவன் என்பதால் அந்தக் கேள்வி என்னோடேயே வந்துவிட்டது. அதற்கு முழுமையாக விடை சொல்லப் புகுந்தால், உயிரணுவின் சவ்வு எப்படித் தானாக உருவாகிறது என்பதற்கும், நாகப்பாம்பின் நஞ்சு இரத்தச் சிவப்பணுவை எப்படி உடைக்கிறது என்பதற்கும், கோவிட் தடுப்பூசியின் கொழுப்புத் துகள் உயிரணுவுக்குள் எப்படித் திறந்துகொள்கிறது என்பதற்கும் ஏறத்தாழ அதே விடையைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அந்த விடையைச் சுருங்கச் சொன்னால், மூலக்கூறில் நீரோடு இணங்கும் முனையான தலை தனக்கு எவ்வளவு இடம் எடுத்துக்கொள்கிறது என்பதுதான் மூலக்கூறுகள் கூடி அமைக்கும் கூட்டமைப்பின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது; அந்த இடமோ மூலக்கூறோடு பிறந்த நிலையான குணம் அன்று, சூழலோடு பேரம் பேசிப் பெறுவது. பாடநூல்கள் முதல் பாதியைச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகின்றன என்பது என் நீண்டநாள் வருத்தம்.

சோப்பைப் போன்ற இத்தகைய மூலக்கூறுகளுக்கு சர்ஃபாக்டன்ட், அதாவது பரப்புச் செயலி என்று பெயர். அவற்றில் மிக நன்றாக ஆராயப்பட்டது சோடியம் டோடெசில் சல்பேட். பன்னிரண்டு கார்பன் அணுக்கள் கொண்ட எண்ணெய்த்தன்மையுள்ள வால் ஒன்றும், எதிர்மின்னேற்றம் கொண்ட சல்பேட் தலை ஒன்றும் சேர்ந்தது அது. தலை நீரோடு எளிதில் இணங்குகிறது. வால் நீரிலிருந்து விலகுவதற்கு, வாலுக்கும் நீருக்கும் இடையே விலக்குவிசை ஏதும் இருப்பதாக நினைக்க வேண்டியதில்லை. நீர் மூலக்கூறுகள் தமக்குள் கொண்டிருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் வலிமைதான் காரணம். நீருக்குள் ஒரு வால் தனியாக நின்றால், அதைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகள் தம் பிணைப்புகளை இழக்காமல் இருக்கும்பொருட்டுக் குறிப்பிட்ட திசைகளில் மட்டுமே திரும்பி நிற்க வேண்டியிருக்கிறது. அவற்றின் சுதந்திரம் குறைகிறது, அதாவது என்ட்ரோபி குறைகிறது. பல வால்கள் ஒன்றுசேர்ந்து தமக்குள் ஒதுங்கிக்கொண்டால் அந்த நீர் மூலக்கூறுகள் விடுபடுகின்றன. அறை வெப்பநிலையில் வால்களைச் சேர்த்து வைக்கும் விசையின் பெரும்பகுதி நீர் அடையும் இந்த விடுதலையிலிருந்துதான் கிடைக்கிறது.

வால்கள் இவ்வாறு கூடுகின்றன என்பதை முதலில் வலியுறுத்திச் சொன்னவர் கனடாவில் பிறந்து இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பணியாற்றிய ஜேம்ஸ் வில்லியம் மெக்பெயின். சோப்புக் கரைசலின் சவ்வூடு பரவல் அழுத்தத்தை அளந்தால் அதில் துகள்கள் மிகக் குறைவு என்று தோன்றியது. மின்கடத்தலை அளந்தாலோ அயனிகள் ஏராளமாக இருப்பதாகத் தெரிந்தது. பல அயனிகள் சேர்ந்து ஒரே பெரிய மின்னேற்றத் துகளாக இயங்கினால் மட்டுமே இரண்டு அளவீடுகளும் ஒத்துப்போகும் என்று அவர் 1913இல் முன்வைத்தார். அவர் இதை ஒரு கூட்டத்தில் விளக்கியபோது தலைமை வகித்தவர் அபத்தம் என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்கியதாக வேதியியலாளர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. இந்தியா விடுதலை பெற்ற பின், புனேயில் 1950இல் திறக்கப்பட்ட தேசிய வேதியியல் ஆய்வகத்துக்கு முதல் இயக்குநராக வந்தவர் இதே மெக்பெயின்தான் என்பதை நம் மாணவர்களில் அறிந்தவர் மிகச் சிலர். அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மிசெல் என்று பெயர் பெற்ற அந்தத் துகள் எந்த வடிவில் இருக்கிறது என்பதில் பிறகும் வழக்கு நீடித்தது. நீர்த்த கரைசலில் அது கோளமாக, உட்பகுதி திரவ எண்ணெயைப்போல் ஒழுங்கற்றதாக இருக்கும் என்று 1936இல் ஜி.எஸ். ஹார்ட்லி காட்டிய படமே பெரும்பாலும் நிலைத்தது.

மிசெல்கள் எந்தச் செறிவிலும் உருவாகிவிடுவதில்லை. சோடியம் டோடெசில் சல்பேட்டை நீரில் சிறிது சிறிதாகக் கரைத்தால், மூலக்கூறுகள் முதலில் நீரின் மேற்பரப்புக்குச் சென்று வால்களைக் காற்றை நோக்கி நீட்டிக்கொள்கின்றன. பரப்பு இழுவிசை இறங்கிக்கொண்டே வருகிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிமோல், அதாவது இரண்டரை கிராமுக்குச் சற்றுக் குறைவான அளவை எட்டியதும் இறக்கம் நின்றுவிடுகிறது. அதன்பின் சேர்க்கும் ஒவ்வொரு மூலக்கூறும் மிசெலுக்குள்தான் போகிறது. இந்த மாறுநிலைச் செறிவை வாலின் நீளம் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. இதே சல்பேட் தலையோடு எட்டுக் கார்பன் வால் இருந்தால் அது சுமார் 130 மில்லிமோல், பத்துக் கார்பனுக்கு 33, பன்னிரண்டுக்கு 8, பதினான்குக்கு 2. ஒரு கார்பன் கூடினால் செறிவு ஏறத்தாழ பாதியாகிறது.

மிசெலை உறைந்துபோன உருண்டையாக வரையும் பாடநூல் படம் இங்கே ஒரு முக்கியமான செய்தியை மறைத்துவிடுகிறது. ஒரு மூலக்கூறு மிசெலுக்குள் தங்கும் நேரம் மைக்ரோ நொடிக் கணக்கில்தான். வெளியேறுகிறது, வேறொன்று உள்ளே வருகிறது. மிசெல் முழுவதுமே மில்லி நொடிகளிலிருந்து நொடிகள் வரையான காலத்தில் கலைந்து வேறிடத்தில் உருவாகிறது. சூழலில் ஒரு சிறு மாற்றம் நேர்ந்தவுடன் கூட்டமைப்பு முழுவதும் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ள முடிவது இந்த ஓயாத போக்குவரத்தால்தான்.

இனி வடிவத்துக்கு வருவோம். இங்கே கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது மிகுந்த பயன் தரும். பள்ளிக் கணிதத்துக்கு மேல் எதுவும் தேவையில்லை. சார்லஸ் டான்ஃபோர்டு 1970களின் தொடக்கத்தில் தந்த எளிய வாய்பாடுகளின்படி, ஒரு வாலின் பருமன் கார்பனுக்கு 0.0269 கன நானோமீட்டர் வீதம் கூடுகிறது, அதோடு 0.0274ஐச் சேர்த்துக்கொள்ள வேண்டும்; வால் முழுவதும் நிமிர்ந்து நின்றால் அதன் நீளம் கார்பனுக்கு 0.1265 நானோமீட்டர் வீதம் கூடுகிறது, அதோடு 0.15ஐச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு கார்பன் வாலுக்குப் பருமன் 0.35 கன நானோமீட்டர் என்றும் நீளம் 1.67 நானோமீட்டர் என்றும் கிடைக்கிறது.

மிசெலின் உள்ளே வெற்றிடம் இருக்க முடியாது. நடு மையம் வரை ஏதாவது ஒரு வாலின் நுனி எட்ட வேண்டும். ஆகவே கோளத்தின் எண்ணெய் உட்கருவுக்கு 1.67 நானோமீட்டருக்கு மேல் ஆரம் இருக்க வழியில்லை. அந்த ஆரத்தில் கோளத்தின் பருமன் சுமார் 19.4 கன நானோமீட்டர். அதை ஒரு வாலின் பருமனால் வகுத்தால் 55 அல்லது 56 மூலக்கூறுகள். ஆய்வகங்களில் பல முறைகளால் அளந்த எண் சுமார் 60. எளிய வடிவியல் இவ்வளவு அருகில் கொண்டு சேர்ப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. சற்றுக் கூடுதலாக இருப்பதற்கு, மிசெல் முழுக்கோளமாக இல்லாமல் கொஞ்சம் நீண்டிருப்பதும் ஒரு காரணம். அதே கோளத்தின் மேற்பரப்பை மூலக்கூறுகளுக்குப் பங்கிட்டால் ஒரு தலைக்கு 0.63 சதுர நானோமீட்டர் வருகிறது. கோளத்துக்குப் பதிலாக அதே ஆரமுள்ள நீண்ட உருளையை எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் தலைக்கு 0.42, வால்கள் உள்ளே ஒன்றையொன்று நோக்க, தலைகள் இருபுறமும் நீரை நோக்கும் தட்டையான இரட்டை அடுக்கு என்றால் 0.21. தலைகள் தலைக்கு 0.63 அல்லது அதற்கு மேல் இடம் கேட்டால் கோளம் அமையும். அதற்குக் குறைவான இடத்தில் நெருங்கி நிற்க அவை சம்மதித்தால், கோளம் கட்டுபடியாகாமல் உருளை நீளும். இன்னும் நெருங்கினால் தட்டையாகும்.

ஜேக்கப் இஸ்ரேலாச்விலி, ஜான் மிச்செல், பாரி நின்ஹாம் ஆகிய மூவரும் 1976இல் இதை ஒற்றை எண்ணாகச் சுருக்கினர்: வாலின் பருமனை, தலையின் பரப்பையும் வாலின் நீளத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். விடை மூன்றில் ஒன்றுக்குக் கீழே என்றால் கோளம், மூன்றில் ஒன்றுக்கும் பாதிக்கும் இடையே என்றால் உருளை, பாதிக்கும் ஒன்றுக்கும் இடையே என்றால் வளையக்கூடிய இரட்டை அடுக்கும் மூடிய நுண்பைகளும், ஒன்றைத் தாண்டினால் தலைகள் உள்ளேயும் வால்கள் வெளியேயும் நோக்கும் தலைகீழ் அமைப்புகள். திணிப்பு எண் என்று இதை அழைக்கலாம்.

மேலே தந்த வாய்பாடுகளில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. எட்டுக் கார்பனுக்கும் பதினாறு கார்பனுக்கும் கணக்கிட்டுப் பாருங்கள்: பருமனும் நீளமும் சேர்ந்தே கூடுவதால், ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் எப்போதும் 0.21 சதுர நானோமீட்டர்தான் வருகிறது. அது ஒரு வாலின் குறுக்குவெட்டுப் பரப்பு. ஜெர்மனியில் தன் வீட்டுச் சமையலறையில் தகரத் தொட்டியொன்றை அமைத்து நீரின் மேற்பரப்பை ஆராய்ந்த ஆக்னஸ் பாக்கெல்ஸின் கடிதம் 1891இல் இயற்பியலாளர் ரேலியின் உதவியோடு நேச்சர் இதழில் வெளிவந்தது. அவ்வகைத் தொட்டியை மேம்படுத்திக்கொண்ட இர்விங் லாங்முயர், வெவ்வேறு நீளமுள்ள கொழுப்பு அமிலங்கள் நீரின்மேல் படலமாக நெருங்கி நிற்கும்போது ஒரு மூலக்கூறுக்கு ஏறத்தாழ அதே பரப்பைத்தான் எடுத்துக்கொள்கின்றன என்று 1917இல் கண்டார். நீளமான வால் கூடுதல் இடம் கேட்பதில்லை, நிமிர்ந்து நிற்கிறது. ஆக, ஒற்றை வால் கொண்ட மூலக்கூறுகளுக்குத் திணிப்பு எண்ணில் மாறுவதற்கென்று மிஞ்சுவது தலையின் பரப்பு மட்டுமே.

உப்பின் வேலை இப்போது புரியும். எஸ்.எல்.இ.எஸ். எனப்படும் சோடியம் லாரெத் சல்பேட்டின் தலையிலும் எதிர்மின்னேற்றம் உண்டு. ஒரே மின்னேற்றம் கொண்ட தலைகள் ஒன்றையொன்று தள்ளுவதால் ஒவ்வொன்றும் அகலமான இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன; கரைசலில் சிறு கோளங்கள் நிறைந்திருக்கின்றன; அவை ஒன்றோடொன்று சிக்காமல் உருண்டோடுவதால் கரைசல் தண்ணீராக ஓடுகிறது. உப்பைச் சேர்த்தால் சோடியம் அயனிகள் தலைகளுக்கு அருகே கூடி அந்தத் தள்ளுவிசையை மறைக்கின்றன, தலைகள் நெருங்குகின்றன, 0.63 என்பது 0.42ஐ நோக்கி இறங்குகிறது. கோளங்கள் உருளைகளாக நீளத் தொடங்குகின்றன. உருளைக்கு இரு முனைகளிலும் அரைக்கோள மூடி உண்டு. நெருங்கி நிற்கப் பழகிவிட்ட தலைகளுக்கு அந்த மூடிகளின் கூடுதல் வளைவு ஒத்துவராது. மூடிகளில் நிற்பது ஆற்றல் செலவாகிறது. மூடிகளின் எண்ணிக்கையைக் குறைக்க ஒரே வழி, பல சிறு உருளைகள் ஒட்டிக்கொண்டு சில நீண்ட உருளைகளாவதுதான். ஆகவே தலையின் இடம் சிறிதளவு குறைந்தாலே நீளம் பன்மடங்கு கூடுகிறது. சில நானோமீட்டர் தடிமனே உள்ள புழு வடிவ மிசெல்கள் மைக்ரோமீட்டர் நீளம் வரை வளர்ந்துவிடுகின்றன. அவை ஒன்றுக்குள் ஒன்று புகுந்து இடியாப்பச் சிக்கலாகின்றன. கெட்டித்தன்மை என்று வாளியில் நாம் காண்பது அந்தச் சிக்கல்தான். பீட்டைனைச் சேர்த்தால் குறைந்த உப்பே போதும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வதும் இதே காரணத்தால்தான்: ஒரே தலையில் நேர்மின்னேற்றமும் எதிர்மின்னேற்றமும் கொண்ட அந்த மூலக்கூறு, தள்ளிக்கொண்டு நிற்கும் தலைகளுக்கு இடையே அமர்ந்து அவற்றை நெருங்கி நிற்க வைக்கிறது.

இந்தச் சிக்கல் நூலின் சிக்கலைப் போன்றதும் அன்று. புழு வடிவ மிசெல்கள் இடையில் அறுந்து வேறு இடத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. அறுவதும் ஒட்டுவதும் அவற்றின் பாகுநிலையை எப்படி நிர்ணயிக்கின்றன என்பதற்கான கோட்பாட்டை மைக்கேல் கேட்ஸ் 1987இல் வகுத்தார். உப்பு மிகையானால் இளகுவதற்கும் இங்கே விளக்கம் இருக்கிறது. மூடிகள் அவ்வளவு விலை கூடிப்போகும்போது, ஒரு புழுவின் முனை இன்னொரு புழுவின் உடலில் ஒட்டிக் கிளையாகிவிடுவது மலிவாகிறது. கிளைக்கும் இடம் ஓரிடத்தில் நிலைத்து நிற்காமல் புழுவின் நீளவாக்கில் வழுக்கிச் செல்லக்கூடியது. ஆகவே கிளைகள் பெருகிய வலை, கிளையற்ற சிக்கலைவிட எளிதாக வழிந்தோடுகிறது. அந்தப் பெண்ணிடம் பயிற்றுநர் உப்பின் அளவை அவ்வளவு கண்டிப்பாகச் சொன்னதற்கு இதுவே காரணம்.

அதே மேசைமேல் இருந்த எஸ்.எல்.இ.எஸ். பேஸ்ட் இன்னொரு பாடம். சந்தையில் கிடைக்கும் பேஸ்ட்டில் செயலிப் பொருள் ஏறத்தாழ 70 விழுக்காடு இருக்கிறது. கெட்டியாக இருந்தாலும் அதைக் குழாயில் இறைத்துச் செலுத்த முடியும். அதில் தண்ணீர் ஊற்றினால் இளகும் என்று எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் 30 முதல் 60 விழுக்காடு வரையான செறிவில் அது கரண்டியையே பிடித்து நிறுத்தும் கட்டிக் களியாகிறது, அதற்கும் கீழே போனால்தான் கரைசலாகிறது. தண்ணீரில் பேஸ்ட்டைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கரைக்க வேண்டும், பேஸ்ட்டில் தண்ணீரை ஊற்றக்கூடாது என்ற தொழில்விதி இதிலிருந்து வந்தது. 70 விழுக்காட்டில் மூலக்கூறுகள் தட்டையான இரட்டை அடுக்குகளாக, இடையிடையே மெல்லிய நீரோடு, அடுக்கடுக்காக இருக்கின்றன. அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும். நீர் கூடும்போது தலைகளுக்கு இடம் பெருகி, மேற்பரப்பு வளையத் தொடங்கி, அடுக்குகள் உடைந்து நீண்ட உருளைகளாகின்றன; அந்த உருளைகள் அறுகோண ஒழுங்கில் நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. உருளைகளின் நீளவாக்கில் மட்டுமே சறுக்க முடிவதால் களி அசைய மறுக்கிறது. சோப்பு காய்ச்சும் தொழிலாளர்கள் இவ்விரு நிலைகளையும் அறிவியலுக்கு வெகு முன்பே அறிந்திருந்தனர். அறுகோண நிலை கொப்பரையிலும் குழாயிலும் இறுகிவிடும் என்று அஞ்சினர். உள்ளே இருப்பது அடுக்கும் உருளையும்தான் என்று எக்ஸ் கதிர்களைக் கொண்டு பிரான்சில் விட்டோரியோ லுசாட்டியும் உடனாய்வாளர்களும் 1957இல் காட்டினர். அடுக்கு முறை இவ்வளவு ஒழுங்காக இருந்தும் உள்ளே வால்கள் திரவமாகவே நெளிந்துகொண்டிருக்கின்றன என்பதும் அதே ஆய்வு வழியில் தெரியவந்தது. இந்தத் திரவப் படிகங்களை, ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரு போலராய்டு தகடுகளுக்கு இடையே வைத்து மாணவர்களுக்குக் காட்டுவது என் வகுப்பின் வழக்கம். நிறமற்ற களி ஒளிர்ந்து வண்ணம் காட்டும்போது, கேள்வி கேட்காத மாணவரும் கேட்கத் தொடங்குகிறார்.

உருளைக்கும் அடுக்குக்கும் நடுவே, நீரும் எண்ணெய்ப் பகுதியும் இரண்டுமே அறுபடாமல் தொடர்ந்து ஒன்றுக்குள் ஒன்று பின்னிச்செல்லும் கனசதுர நிலை ஒன்றும் சில செயலிகளில் தோன்றுகிறது. அதன் மேற்பரப்புக்கு ஜைராய்டு என்று பெயர். நாசாவில் பணியாற்றிய ஆலன் ஷோன் 1970இல் அதை வடிவியலாக விவரித்தார். உருளைகளின் அறுகோண ஒழுங்கை வார்ப்பாகக் கொண்டு, சுற்றிலும் சிலிக்காவை உறையவைத்துப் பின் செயலியை எரித்துவிட்டால், சீரான நானோ துளைகள் நிறைந்த திண்மம் மிஞ்சுகிறது. மோபில் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1992இல் இதை வெளியிட்டனர்.

திணிப்பு எண்ணை இவ்வளவு பாராட்டியபின் அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள சப்போனின்களும் நம் பித்தநீரில் உள்ள உப்புகளும் நுரைக்கின்றன, கொழுப்பைக் கரைக்கின்றன, மிசெல்களும் ஆகின்றன. ஆனால் அவற்றில் நெளியும் வால் இல்லை, விறைப்பான வளையக் கட்டமைப்பே இருக்கிறது. வாலின் நீளம், வாலின் பருமன் என்று கணக்கிட அங்கே ஏதும் இல்லாததால் இந்த வடிவியல் அவற்றுக்குப் பொருந்துவதில்லை. இதைவிட முக்கியமான எச்சரிக்கையை ஆர். நாகராஜன் 2002இல் லாங்முயர் ஆய்விதழில் எழுதினார். தலையின் பரப்பு என்பது தலையின் உருவத்தை அளவுகோலால் அளந்து பெறும் எண் அன்று; தலைகளின் தள்ளுவிசையும், வால்கள் நீருக்கு வெளிப்படாமல் இருக்கக் கொடுக்கும் அழுத்தமும், வால்கள் குறுகிய இடத்தில் நெளிய வேண்டியிருப்பதன் செலவும் ஆகிய மூன்றும் சமன்படும் இடம் அது; ஆகவே வாலுக்கும் அதில் பங்கு உண்டு என்று அவர் காட்டினார். மாணவர் ஒருவர் ஒரு மூலக்கூறின் படத்தை மட்டும் பார்த்து இது கூம்பு, ஆகவே கோளம் என்று விடை எழுதும்போது, எந்த நீரில், எவ்வளவு உப்பில், எந்த வெப்பநிலையில், யாரோடு கலந்து என்று கேட்க வேண்டிய அத்தனை கேள்விகளையும் தாண்டிவிடுகிறார்.

யாரோடு கலந்து என்பதற்கு உயிரணுவைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. சவ்வின் முதன்மைப் பொருளான லெசித்தினில் ஒரே தலைக்கு இரண்டு வால்கள். பருமன் இரு மடங்காகிறது, நீளம் மாறுவதில்லை. மேலே கண்ட 0.21 இப்போது 0.42 ஆகிறது. தலை 0.65 அளவில் இடம் கொள்வதாக வைத்தால் திணிப்பு எண் 0.65க்கு அருகே வந்து, இரட்டை அடுக்கின் எல்லைக்குள் விழுகிறது. சிவப்பணுக்களிலிருந்து பிரித்தெடுத்த கொழுப்பு நீர்ப்பரப்பில் பரவும் இடம் அணுக்களின் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு என்று 1925இல் கோர்ட்டரும் கிரெண்டலும் கண்டு, சவ்வு இரட்டை அடுக்கு என்று முன்மொழிந்திருந்தனர். கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரகாமில் அலெக் பாங்கம் 1960களின் முற்பகுதியில் லெசித்தினை நீரில் கலந்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, எந்த உயிரணுவின் உதவியும் இல்லாமல் மூடிய நுண்பைகள் தாமாகவே உருவாகியிருந்தன. தட்டையான தாள் ஓரங்களில் வால்களை நீருக்குக் காட்ட வேண்டியிருப்பதால், மூடிக்கொள்வதே அதற்கு மலிவு. இரண்டு நீண்ட வால்கள் இருப்பதால் இவற்றின் மாறுநிலைச் செறிவும் மிக மிகத் தாழ்ந்தது; பதினாறு கார்பன் வால்கள் இரண்டு கொண்ட லெசித்தினுக்கு அது லிட்டருக்கு ஒரு மோலின் சுமார் இருநூறு கோடியில் ஒரு பங்கு. சோப்பு மிசெலிலிருந்து மைக்ரோ நொடிகளில் வெளியேறும் மூலக்கூறுக்கு நேர்மாறாக, சவ்வில் உள்ளது மணிக்கணக்கில் தங்குகிறது. உயிரணு தன் வடிவத்தைக் காத்துக்கொள்ள முடிவது இதனால்தான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு வாலை மட்டும் நறுக்கினால் என்ன ஆகும்? நாகம், கண்ணாடி விரியன் ஆகியவற்றின் நஞ்சில் பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதி ஏராளமாக உள்ளது. அது லெசித்தினின் இரண்டாம் இடத்து வாலை வெட்டி எடுக்கிறது. மிஞ்சுவது ஒற்றை வால் கொண்ட லைசோலெசித்தின். தலை அதேதான், பருமன் பாதியாகிவிட்டது, திணிப்பு எண் 0.32க்கு இறங்கி, கோள மிசெலின் எல்லைக்குள் போய்விட்டது. சவ்வுக்குள் இத்தகைய மூலக்கூறுகள் பெருகினால் அடுக்கு நிலைக்காமல் சிவப்பணு உடைகிறது. அந்த நொதிகள் நரம்பையும் தசையையும் தாக்கும் வழிகள் வேறு பல உண்டு, நஞ்சின் கொடுமை முழுவதையும் இந்த ஒரு கணக்கில் அடக்க முடியாது. ஆனாலும் ஒரு வால் போனவுடன் சுவரின் செங்கல் சோப்பாக மாறிவிடுகிறது என்பது உண்மை. அறுபட்ட கொழுப்பு அமிலம் விலகிச் செல்லாமல் லைசோலெசித்தினோடு சம அளவில் சேர்ந்தே இருந்தால் இரண்டும் கூடி மறுபடி இரட்டை அடுக்காகின்றன என்று ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். தனித்தனியே அடுக்கு அமைக்காத இரண்டு பொருள்கள் சேர்ந்தவுடன் அமைக்கின்றன. சராசரிதான் கணக்கில் வருகிறது.

ஒன்றைத் தாண்டும் திணிப்பு எண்ணை மருத்துவம் பயன்படுத்திக்கொண்ட விதத்தோடு முடிக்கிறேன். தூதுவர் ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளின் கொழுப்புத் துகள்களில் நான்கு வகைப் பொருள்கள் உண்டு: சவ்வுக் கொழுப்பான ஒரு லெசித்தின் வகை, கொலஸ்டிரால், பாலிஎதிலீன் கிளைக்கால் இணைத்த கொழுப்பு, அமிலத்தன்மைக்கு ஏற்ப மின்னேற்றம் பெறும் கொழுப்பு. நான்காவதுதான் மையமானது. இரத்தத்தின் பி.எச். 7.4இல் அதன் தலையில் பெரும்பாலும் மின்னேற்றம் இல்லை. உயிரணு துகளை விழுங்கி உள்ளே ஒரு பைக்குள் வைத்துப் படிப்படியாக அமிலமாக்கும்போது, தலை நேர்மின்னேற்றம் பெறுகிறது. பையின் சவ்விலுள்ள எதிர்மின்னேற்றக் கொழுப்புகளோடு இணைசேர்கிறது. இணைந்த இரு தலைகளும் தம் மின்னேற்றங்களை ஒன்றுக்கொன்று நடுநிலையாக்கி, தனித்தனியே இருந்தபோது பிடித்த இடத்தைவிடக் குறைவான இடத்தில் ஒடுங்குகின்றன. வால்களின் பருமனோ அப்படியே இருக்கிறது. திணிப்பு எண் ஒன்றைத் தாண்டி, அடுக்கு தலைகீழ் உருளைகளாக மாற முயல்கிறது, பையின் சவ்வு கிழிகிறது, ஆர்.என்.ஏ. வெளியே வருகிறது. இந்த விளக்கத்தை வளர்த்ததில் கனடாவின் பீட்டர் கலிஸுக்கும் அவர் உடனாய்வாளர்களுக்கும் பெரும்பங்கு உண்டு. இவ்வகைத் துகளில் வைத்த முதல் ஆர்.என்.ஏ. மருந்து 2018இலும், தடுப்பூசிகள் 2020இலும் ஒப்புதல் பெற்றன. இருந்தும் உயிரணு விழுங்கும் ஆர்.என்.ஏ.யில் மிகச் சிறு பங்குதான் அந்தப் பையிலிருந்து தப்புகிறது. அந்தப் பங்கைக் கூட்டுவதற்காகவே ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளின் கொழுப்புகளில் நேர்வால்களோடு நிற்காமல், அதே நீளத்தில் கூடுதல் பருமன் தரும் கிளைத்த வால்களைப் பொருத்தினார்கள். இன்னும் எத்தனை கிளைகள், எந்த இடத்தில் கிளைப்பது என்பதை ஆய்வகங்கள் இப்போதும் மாற்றி மாற்றிச் சோதித்துக்கொண்டிருக்கின்றன.